தூக்குக்குத் தகுந்த உடம்பு

உங்க பிரின்சிபால் போன்ல தலைப்பைச் சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சும்மா. ‘மரண தண்டனையில் மனிதாபிமான முறைகள்.’ நல்ல தலைப்பு. சட்டம் படிக்கிற பிள்ளைங்க கட்டாயம் கேக்கணும். அதுக்கு ஆள் தேடி என்னைப் புடிச்சாரு பாருங்க, அங்கதான் அவர் கெட்டிக்காரர். இதைப் புஸ்தகத்துல படிச்சவங்க இந்த மாவட்டத்துல நிறையப் பேர் இருப்பாங்க. பக்கத்துல நின்னு செஞ்சவன் நான் ஒருத்தன்தான். செஞ்சவன்னதும் தப்பா எடுத்துக்காதீங்க. லீவரை இழுத்தது நான் இல்ல, அது ஒரு வார்டர். நான் டாக்டர்.

காலேஜ் போய்ச் சேர இன்னும் நேரம் ஆகும்னு டிரைவர் சொல்றாரு. அப்ப உங்களுக்கு முழுசாவே சொல்லிடறேன். மேடையில முழுசாச் சொல்ல முடியாது. சால்வை போர்த்தின கையோட ஒருத்தனோட வயித்துப் புண்ணைப் பத்திப் பேசினா நல்லா இருக்காது.

நான் ஜெயில் டாக்டரா இருந்தேன். எந்த ஜெயில்னு இப்ப எதுக்கு. ரொம்ப வருஷமா அங்க தூக்கே நடக்கல. தூக்கு மேடை இருந்த கட்டடத்துல ஒடைஞ்ச பெஞ்சு, கிழிஞ்ச பாய் எல்லாம் போட்டு வெச்சிருந்தாங்க. அப்படி இருக்கறப்பதான் பொன்னுலிங்கத்தோட கருணை மனு தள்ளுபடி ஆச்சு.

அவன் யாருன்னு மொதல்லயே சொல்லிடறேன், இல்லேன்னா நீங்க பாவப்பட ஆரம்பிச்சிடுவீங்க. உப்பளத்துல லாரி ஓட்டினவன். கூடப் பொறந்த அண்ணனையும் அண்ணியையும் தூங்கறப்ப வெட்டினவன். வீட்டை ரெண்டாப் பிரிக்கிற சுவரை எங்க எழுப்பறதுங்கறதுல தகராறு. அந்த வீட்டுல அப்ப அண்ணன் மக ஒருத்தி இருந்தா, செல்வக்கனின்னு பேரு, சின்னப் புள்ள. கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டதால பொழச்சா. வெட்டினது நான்தான்னு அவனே போலீஸ்ல போய்ச் சொன்னான். அதனால, தப்பான ஆளைத் தூக்குல போட்டுட்டாங்கன்னு நான் கதை சொல்லப் போறேன்னு எதிர்பார்க்காதீங்க. சரியான ஆள்தான்.

ஆர்டர் வந்ததும் சூப்பிரண்டு நாகசுந்தரம் என்னைக் கூப்பிட்டு, எல்லாம் என் கையிலதான் இருக்குன்னாரு. அவருக்கு எந்தக் கஷ்டமான விஷயமும் அடுத்தவன் கையிலதான் இருக்கும். ஆனா இதுல அவர் சொன்னது நெசம்தான். ஆளோட எடையைப் பார்த்துத்தான் எவ்வளவு கயிறு விடறதுன்னு முடிவு பண்ணணும். கயிறு பத்தலேன்னா கழுத்து ஒடியாது, தொங்கித் திணறணும். அதிகமா விட்டா தலையே தனியாப் போயிடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு அளவு இருக்கு பாருங்க, அதுக்குப் பேர்தான் மனிதாபிமானம். உங்க பிள்ளைங்க நோட்ல எழுதிக்கலாம். மனிதாபிமானத்துக்கு ஒரு அளவு உண்டு, அது ஆளோட எடையைப் பொறுத்தது.

சரின்னு நான் போய்ச் சோதிச்சா, ஆள் சுண்ணாம்பாட்டம் வெளுத்துக் கிடக்கான். வயித்துல புண்ணு. உள்ளுக்குள்ளயே கசிஞ்சு கசிஞ்சு உடம்புல ரத்தமே இல்ல. நாலு எட்டு நடந்தா மூச்சு வாங்குது. நெஞ்சுல குழாயை வெச்சா, இருதயம் பயந்த கோழி மாதிரி படபடன்னு அடிக்குது. கடுமையா நோய்ல கிடக்கறவனைத் தூக்குல போடக் கூடாதுங்கறது விதி. எவ்வளவு இரக்கமுள்ள விதி பாருங்கம்மா. சாகக் கிடக்கறவனைக் கொல்லக் கூடாது. எழுப்பி உக்கார வெச்சு, தெம்பு வர வெச்சு, அப்புறம்தான்.

நல்லாக்கறதுதானே என் தொழில். இறங்கினேன். காலையில பால், முட்டை. மத்தியானம் குழைஞ்ச சோறு, காரமில்லாத குழம்பு. வெளியில இருந்து மாத்திரை வரவழைச்சேன். இரும்புச்சத்துக்கு ஊசி. மத்தக் கைதிங்க எல்லாம் அவன் தட்டைப் பார்த்து வயிறெரிஞ்சானுங்க. ரத்தம் ஏத்தணும்னு சொன்னதும் வார்டருங்க தானா முன்வந்து குடுத்தாங்க. அப்படிக் குடுத்தவங்கள்ல ஒருத்தன்தான் பின்னால லீவரை இழுத்தது. ரெண்டையும் அவன் டியூட்டியாத்தான் செஞ்சான், அதுல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல.

இத்தனை செஞ்சும் ஆள் தேறல. எனக்குப் புரியவே இல்ல. ஒருநாள் அறையைப் பெருக்கறப்ப பாய்க்கு அடியில இருந்து மாத்திரையா உருண்டு வந்தது. நாக்குக்கு அடியில ஒதுக்கிக்கிட்டு, நான் போனதும் துப்பியிருக்கான். எனக்கு வந்த கோபம் இருக்கே. ஏன்யா முழுங்கலைன்னு கேட்டேன்.

“முழுங்கினா என்னாவும்னு ஒங்களுக்குத் தெரியாதா டாக்டரய்யா?”ன்னான். மரியாதையாத்தான் கேட்டான்.

என் சர்வீஸ்ல எத்தனையோ நோயாளியைப் பார்த்திருக்கேன். மருந்து கசக்குதுன்னவன் உண்டு, ஊசிக்குப் பயந்தவன் உண்டு. குணமானா உயிர் போயிடும்னு பயந்தவன் இவன் ஒருத்தன்தான். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. ராத்திரி சாப்பாடு எறங்கல. நான் என்ன விஷமா குடுத்தேன்? வைத்தியம் பாக்கறவனுக்குன்னு ஒரு மரியாதை இருக்கா இல்லையா? வீட்டுல சொல்லி வருத்தப்பட்டேன். என் சம்சாரம் என்னையே பாத்துக்கிட்டிருந்துட்டு, மோர் ஊத்தட்டுமான்னு கேட்டா. அவளுக்கு என் வேலையோட கஷ்டம் எப்பவுமே புரிஞ்சதில்ல.

அதுக்கப்புறம் தினமும் நானே அவன் எதிர்ல ஸ்டூல் போட்டு உக்கார ஆரம்பிச்சேன். மாத்திரையைப் போட்டுத் தண்ணி குடிச்சு வாயைத் திறந்து காட்டணும். அப்பவும் எப்படியோ ஏமாத்துவான். தொண்டையைக் கமறிக் கமறி வெளியில எடுத்துடுவான். உக்கார்ந்திருக்கற நேரத்துல ஏதாவது பேசணுமே, பேசுவோம். அவனுக்குப் பால் புடிக்காது. சாளை மீன் கேப்பான். புளி ஊத்தி, மொளகா அரைச்சு ஊத்தினது. வயித்துப் புண்ணுக்கு அது ஆகாதுய்யா, உடம்பு கெட்டுடும்னு சொல்லுவேன். அவன் சிரிப்பான். எதுக்குச் சிரிக்கிறான்னு நான் கேட்டதில்ல. என் வீட்டைப் பத்தி விசாரிப்பான். பையன் பிளஸ் டூ எழுதறான்னு ஒருநாள் சொல்லியிருந்தேன் போல, அதை ஞாபகம் வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பரீட்சையும் எப்படி எழுதினான்னு கேப்பான்.

இதுக்கு நடுவுல ஒரு கமிட்டி வந்தது. உங்க தலைப்புக்கு வேண்டிய ஆளுங்க. தூக்கு நல்லதா, வேற ஏதாவது முறை நல்லதான்னு ஊர் ஊராப் போய் ஆராயறாங்க. ஒரு ரிட்டையர்டு நீதிபதி, ஒரு பேராசிரியர், மயக்க மருந்து குடுக்கற டாக்டர் ஒருத்தர். ரொம்பத் தங்கமான மனுஷங்க. யாருக்கும் யாரையும் நோகடிக்க இஷ்டமில்ல. ஊசிதான் நல்லது, தூங்கற மாதிரி போயிடுவான்னாரு மயக்க டாக்டர். நரம்பு கிடைக்கலேன்னா என்ன பண்ணுவீங்கன்னு பேராசிரியர் கேட்டாரு. சுட்டுடறதுதான் சுருக்கம்னு அவர் கட்சி. சத்தம் வருமேன்னு நீதிபதி சங்கடப்பட்டாரு. மத்தியானம் சூப்பிரண்டு ஏற்பாடு பண்ணின சாப்பாடு, மீன் குழம்பு. நீதிபதி கையைக் கழுவிட்டு உக்கார்ந்து, முள்ளு ஜாஸ்தி இருக்குமான்னு ரெண்டு தரம் கேட்டாரு. அவருக்கு முள்ளுன்னா பயமாம், தொண்டையில சிக்கினா ரொம்ப அவஸ்தைன்னாரு.

சாப்பிட்டுக்கிட்டே என்னைக் கேட்டாரு, ஊசி முறை வந்தா நீங்க போடுவீங்களான்னு. நான் கையைத் தட்டுல வெச்சுட்டு, “மாட்டேன் சார்”னேன். டாக்டர் உயிரை எடுக்கறதுக்கு ஊசி போடக் கூடாது. அது தர்மம் இல்ல. எடை பார்த்துத் தருவேன், உடம்பு தகுதியா இருக்குன்னு எழுதித் தருவேன், கயிறு அளவு சொல்லுவேன், செத்தாச்சான்னு பார்த்துச் சொல்லுவேன். ஊசி மட்டும் போட மாட்டேன். எனக்குன்னு ஒரு கொள்கை வேண்டாமா? நீதிபதி என் தோள்ல தட்டிக் குடுத்தாரு. உங்களை மாதிரி ஆளுங்களாலதான் இந்தத் துறைக்கு மரியாதைன்னாரு.

சாப்பிட்டு முடிச்சு ஆளையும் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தாங்க. பொன்னுலிங்கம் எழுந்து கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னான். மீன் வாசனை அவங்க கையில இருந்து வந்திருக்கும், மூக்கை ஒரு தரம் உறிஞ்சினான். நீதிபதி ரொம்பப் பதமா, குழந்தைகிட்ட கேக்கற மாதிரி, இன்ன இன்ன முறை எல்லாம் இருக்கு, உனக்கு எது பரவாயில்லைன்னு தோணுதுப்பான்னு கேட்டாரு.

அவன் கையைக் கும்பிட்டுக்கிட்டு, “எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லங்கய்யா. நீங்க நல்லா யோசிச்சே சொல்லுங்க”ன்னான்.

பேராசிரியர் அதைக் குறிச்சுக்கிட்டாரு. கைதி நல்ல ஒத்துழைப்புக் குடுத்தான்னு போறப்ப சூப்பிரண்டுகிட்ட பாராட்டினாரு.

கமிட்டி போன கொஞ்ச நாள்ல மேலிடத்துல இருந்து எனக்கு மெமோ வந்தது. ஒரு ஆளோட வயித்துப் புண்ணைக் குணமாக்க இவ்வளவு காலமா, இல்ல வேணும்னே இழுக்கறீங்களான்னு. வேணும்னே இழுக்கறேனாம். நானா? அந்த ஜெயில்ல அவனை நல்லாக்கணும்னு உண்மையா ஆசைப்பட்ட ஒரே ஆள் நான்தான். தண்ணியில்லாத ஊருக்கு மாத்தப் போறாங்கன்னு பேச்சு வேற. பையன் காலேஜ் சேர வேண்டிய வருஷம். அடுத்த நாள் ஸ்டூல்ல போய் உக்கார்ந்தேன். வார்டருங்க வாய் சும்மா இருக்குமா, அவன் காதுக்கு அதுக்குள்ள போயிடுச்சு.

“என்னால ஏச்சு வாங்குதீயளாமே”ன்னான்.

ஆமாய்யான்னேன்.

“பையன் காலேஜ்ல சேருத நேரம்லா.”

ஆமாய்யா, அதுக்கு என்ன பண்றது, என் தலையெழுத்துன்னேன்.

அவன் கையை நீட்டி, “குடுங்க”ன்னான். வாங்கினான், வாயில போட்டான், தண்ணிகூடக் கேக்கல. முழுங்கிட்டு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான். நான் காட்டச் சொல்லவே இல்ல.

அன்னையில இருந்து ஒரு மாத்திரை வீணாகல. பால் குடிச்சான், முகத்தைச் சுளிச்சுக்கிட்டே முட்டை தின்னான். இதை நான் எதுக்குச் சொல்றேன்னா, அன்பா, பொறுமையா நடத்தினா எப்பேர்ப்பட்ட நோயாளியும் வழிக்கு வருவான். என் வைத்தியம் மேல அவனுக்கு நம்பிக்கை வந்துடுச்சு, அவ்வளவுதான் விஷயம். நீங்க வேற எதையோ யோசிக்கறீங்க, முகத்துல தெரியுது. இல்லம்மா. நம்பிக்கைதான்.

பாத்துக்கிட்டிருக்கப் பாத்துக்கிட்டிருக்க ஆள் தேறினான். கன்னத்துல சதை போட்டது. நகம் சிவந்தது. காலையில முற்றத்துல நடக்க விட்டா, கையை வீசிக்கிட்டு நடந்தான். எடை ஏற ஏற நான் கயிறோட அளவைக் குறைச்சுக்கிட்டே வந்தேன். கனமான ஆளுக்குக் கயிறு குறைச்சலாத்தான் வேணும். அவன் எடைக்கு மணல் மூட்டை கட்டி இறக்கிப் பார்த்தோம், அருமையா இறங்கிச்சு. பெஞ்சு, பாயெல்லாம் எடுத்துட்டு அந்தக் கட்டடத்துக்கு வெள்ளை அடிச்சாங்க. பூரண சொஸ்தம்னு நான் எழுதிக் குடுத்தேன். மேலிடத்துல இருந்து வந்த ஒரே பாராட்டு, அடுத்த மெமோ வராததுதான்.

கடைசியா சோதிக்கப் போனப்ப அவன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்.

“நோவுமாய்யா?”

நோகாதுன்னேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடும், நான் அளவு பார்த்திருக்கேன்னேன்.

“நீங்க சொன்னாச் சரி”ன்னு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டான்.

தூக்கு நாள் அன்னைக்கு விடியற நேரம் நல்ல குளிர். மாஜிஸ்திரேட் மப்ளர் சுத்திக்கிட்டு வந்திருந்தாரு. பொன்னுலிங்கம் யார் மேலயும் சாயாம தானே நடந்து வந்தான். முன்னால நாலு எட்டுக்கு மூச்சு வாங்கின ஆள்மா அவன். அந்தப் படியெல்லாம் ஏறினான், மூச்சு வாங்கவே இல்ல. எனக்குப் பெருமையாத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்கணும். பலகை திறந்தது, என் அளவு துல்லியமா வேலை செஞ்சது. கழுத்து ஒடியற சத்தம் கேட்டது. நான் கீழே எறங்கிப் போய் நெஞ்சுல குழாயை வெச்சேன்.

அடிச்சுக்கிட்டிருந்தது.

அது அப்படித்தான் இருக்கும். கழுத்து ஒடிஞ்சாலும் இருதயம் கொஞ்ச நேரம் ஓடும், எல்லா டாக்டருக்கும் தெரியும். இருதயம்கறது வெறும் தசை. அதுக்கு ஒண்ணும் தெரியாது. அவனுக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா எப்பேர்ப்பட்ட இருதயம்மா அது. முன்னால பயந்த கோழி மாதிரி அடிச்சதுன்னேன் இல்லையா, அதெல்லாம் போயிடுச்சு. கணீர் கணீர்னு, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல ஒரே இடைவெளி விட்டு, அவ்வளவு ஒழுங்கா அடிக்குது. பாலும் முட்டையும் ஊசியும் அடுத்தவன் ரத்தமும் குடுத்து நான் தேத்தின இருதயம். நல்லா வேலை செய்யின்னு சொல்லிச் சொல்லி வளத்திருக்கேன், இப்ப நின்னுடுன்னா அது எப்படி நிக்கும்?

மேல இருந்து சூப்பிரண்டு, “முடிஞ்சுதா டாக்டர்?”னு கேட்டாரு. இன்னும் இல்ல சார்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேட்டாரு. இன்னும் இல்லைன்னேன். மாஜிஸ்திரேட் இருமறது கேட்டது. அப்புறம் இன்னொரு தரம் கேட்டாரு. நான் பதில் சொல்லல, குழாயை எடுத்தா எண்ணிக்கை விட்டுப் போயிடும்.

அப்பதான் அவர் சொன்னாரு, “ஏன் டாக்டர், இவ்வளவு நல்லாக்கியிருக்க வேண்டாமே.”

என்ன பேச்சு பாருங்க. இத்தனை காலம் உழைச்சதுக்கு எனக்குக் கிடைச்ச மரியாதை. தேறலைன்னா மெமோ, தேறினா இப்படி.

எவ்வளவு நேரம் அடிச்சதுன்னு கேக்காதீங்க. ஒரு வழியா நின்னது. ‘உடனடி மரணம்’னு எழுதினேன். அப்படித்தான் எழுதறது வழக்கம். ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு எனக்கு எப்படித் தெரியும்னா கேக்கறீங்க? படிச்சிருக்கேன்மா. பெரிய பெரிய டாக்டருங்க எழுதியிருக்காங்க.

வீட்டு ஆளுங்க கேட்டா உடம்பைக் குடுப்பாங்க. இவனுக்கு யார் இருக்கா, ஜெயில்லயே அடக்கம் பண்ணிடலாம்னு சூப்பிரண்டு நினைச்சிருந்தாரு. வெயில் ஏறறப்ப ஒரு டெம்போ வேன் வந்து நின்னது. இறங்கினது செல்வக்கனி. கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சாளே, அந்தப் பொண்ணு. இப்ப பெரியவளாயிட்டா, ஏதோ பள்ளிக்கூடத்துல வேலை பாக்கறாளாம். கூட வந்தது டிரைவர் மட்டும்தான். அவளுக்கும் அவனைத் தவிர வேற ரத்த சொந்தம் இல்ல, அவனுக்கும் அவளை விட்டா ஆளில்ல.

நான் டாக்டர்னு யாரோ சொன்னதும் என்கிட்ட வந்தா. “சித்தப்பாவுக்கு நொந்துச்சா?”ன்னு கேட்டா.

இல்லம்மா, ஒரு நொடியில முடிஞ்சதுன்னேன். அவளுக்கு ஆறுதலா இருக்கட்டும்னுதான் சொன்னேன். அவ, “எங்கம்மா விடியற வரைக்கும் உயிரோட இருந்தாங்க”ன்னா. அவ்வளவுதான் சொன்னா. நொந்திருக்கணும்னு நினைச்சாளா, நோகலைன்னதும் நிம்மதி ஆனாளா, முகத்தைப் பார்த்து எனக்கு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. சரி, இந்தப் பொண்ணுக்கு வேற ஏதாவது நல்லதாச் சொல்லுவோமேன்னு தோணிச்சு. வயித்துப் புண்ணால ரொம்பக் கஷ்டப்பட்டான்மா, நான் முழுசாக் குணமாக்கிட்டேன், போறப்ப ஒடம்புல ஒரு நோய் கிடையாதுன்னு சொன்னேன்.

அவ என்னை ஏற எறங்கப் பார்த்தா. அப்புறம், “அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க”ன்னா.

வார்டருங்க அதுக்குள்ள டீ குடிக்கப் போயிட்டாங்க. டாக்டர் பொணம் தூக்கறது வழக்கமில்ல. ஆனா அவ குனிஞ்சு தலைமாட்டைப் புடிச்சுட்டா, நான் என்ன பண்றது. கால் பக்கம் புடிச்சேன். டிரைவரும் ஒரு கை குடுத்தான். மூணு பேரும் சேர்ந்து வேன்ல ஏத்தினோம். நல்ல கனம். அவளுக்கு மூச்சு வாங்கிச்சு, ஆனா எறக்கி வைக்காம ஒரே தூக்கா ஏத்தினா. வேட்டி விலகியிருந்ததைச் சரி பண்ணிவிட்டா. அழுதாளான்னு கேட்டா, இல்ல.

அவ முன் சீட்ல ஏறி உக்கார்ந்தா. வண்டி கிளம்பறப்ப ஜன்னல் பக்கமாத் திரும்பி என்னைப் பார்த்தா. எல்லாம் முடிஞ்சது, இப்பவாவது ஒரு வார்த்தை நன்றின்னு சொல்லப் போறான்னு நினைச்சு, பரவாயில்லம்மா, என் கடமைதானேன்னு சொல்றதுக்கு நான் கையைக்கூட லேசாத் தூக்கிட்டேன்.

அவ கண்ணாடியை ஏத்திவிட்டுட்டாம்மா.